தனிநபர் பராமரிப்பு உதவியாளர் பயிற்சி: அனுமதி, முறை, பதிவு

தாயையோ தந்தையையோ வீட்டில் பல ஆண்டுகள் பேணியவர்களுக்கு முதியோர் பராமரிப்பு புதிய வேலையன்று. குளிக்க வார்ப்பதும், உணவூட்டுவதும், இரவில் விழித்திருப்பதும் அவர்களுக்குப் பழகியவையே. எனவே, ‘இதற்கும் ஒரு சான்றிதழ் வேண்டுமா?’ என்னும் கேள்வி தமிழ்க் குடும்பங்களில் இயல்பாக எழுகிறது.

கேள்வி நியாயமானது. வீட்டில் பேணுபவர் தம் தாயை நாற்பது, ஐம்பது ஆண்டுகளாக அறிந்தவர். எந்தப் பக்கம் சரிந்து படுத்தால் தாய்க்கு வலிக்கும், எந்த உணவு தொண்டையில் சிக்கும், எதைக் கேட்டால் கோபம் வரும் என்பதெல்லாம் அவருக்குச் சொல்லாமலே தெரியும். பணியிடத்திலோ, காலை ஏழு மணிக்கு முதன்முறையாகச் சந்திக்கும் ஒருவரை ஏழரை மணிக்குள் குளிக்க வைத்து, உடுத்திவிட்டு, உணவு மேசைக்கு அழைத்துவர வேண்டியிருக்கிறது. நீண்டகால அறிமுகம் இல்லாத இடத்தில் அதன் வேலையைச் செய்வது பயிற்சி.

விக்டோரியா மாநிலத்தில் இப்பயிற்சியைப் பெற விரும்பும் தமிழ் பேசும் குடியிருப்பாளர்களுக்காக இக்கட்டுரை எழுதப்பட்டுள்ளது. பணியின் எல்லை, சான்றிதழின் அமைப்பு, பயிற்சியின் மூன்று அடிப்படைப் பாடங்கள், சேருமுன் கேட்டறிய வேண்டியவை ஆகியன இதில் விளக்கப்படுகின்றன.

பணியின் எல்லை

தனிநபர் பராமரிப்பு உதவியாளர் முதியோர் இல்லங்களிலும், முதியோரின் சொந்த வீடுகளிலும், மாற்றுத்திறனாளிகளுக்கான சேவைகளிலும் பணியாற்றுகிறார். குளித்தல், உடுத்தல், பல் துலக்குதல், உண்ணல், கழிவறை செல்லல், நடத்தல் போன்ற அன்றாடச் செயல்களில் உதவுவது அவரது வேலை. நோயைக் கணிப்பதும், மருந்தின் அளவை மாற்றுவதும், புண்ணுக்கு எந்தச் சிகிச்சை என்று முடிவு செய்வதும் அவரது வேலையல்ல; அவை மருத்துவருக்கும் பதிவுபெற்ற தாதிக்கும் உரியவை. மாற்றத்தை முதலில் காண்பவர் உதவியாளர். அதைத் தாதியிடம் தெரிவிப்பது அவரது கடமை.

இப்பணி நீண்டகாலம் தேர்ச்சி வேண்டாத வேலையாகவே கருதப்பட்டது. 2018 அக்டோபரில் அமைக்கப்பட்ட முதியோர் பராமரிப்பின் தரம், பாதுகாப்பு தொடர்பான அரச விசாரணை ஆணைக்குழு, 2021 மார்ச்சில் 148 பரிந்துரைகளுடன் தன் இறுதி அறிக்கையை வெளியிட்டது. அதன்பின் பல மாற்றங்கள் வந்தன. 2023 ஜூன் 30 முதல் நேரடிப் பராமரிப்புப் பணியாளர்களின் அடிப்படை ஊதிய விகிதம் 15 விழுக்காடு உயர்த்தப்பட்டது. முதியோர் இல்லங்கள் ஒவ்வொரு குடியிருப்பாளருக்கும் நாளொன்றுக்கு இத்தனை நிமிட நேரடிப் பராமரிப்பு வழங்க வேண்டும் என்ற விதியும் வந்தது. 2024 அக்டோபர் 1 முதல் துறையளவில் அதன் சராசரி இலக்கு 215 நிமிடங்கள். அவற்றுள் 44 நிமிடங்கள் பதிவுபெற்ற தாதிக்கு உரியவை. எஞ்சியவற்றின் பெரும்பகுதி பராமரிப்பு உதவியாளரின் கைகளில் இருக்கிறது.

தாதியருக்கு உள்ளதுபோன்ற தேசியத் தொழிற்பதிவு பராமரிப்பு உதவியாளருக்கு இல்லை. ஆகவே, வேலை தருபவர் ஒருவரின் தகுதியை அறியப் பெரும்பாலும் சான்றிதழையே பார்க்கிறார்.

சான்றிதழின் அமைப்பு

பெரும்பாலான நிறுவனங்கள் எதிர்பார்ப்பது ‘இன்டிவிஜுவல் சப்போர்ட்’ என வழங்கும் மூன்றாம் நிலைச் சான்றிதழ். தேசியப் பதிவேட்டில் அதன் குறியீடு சி.எச்.சி. 33021. மொத்தம் 15 பாட அலகுகள்; அவற்றுள் 9 கட்டாயமானவை, 6 தெரிவுக்குரியவை. தெரிவு அலகுகளைக் கொண்டு முதியோர் பராமரிப்பிலோ மாற்றுத்திறனாளிகள் ஆதரவிலோ சிறப்புத் தகுதி பெறலாம். வகுப்பறைக் கல்வியோடு, உண்மையான பணியிடத்தில் குறைந்தது 120 மணிநேரக் களப்பயிற்சியும் நிறைவு செய்யப்பட வேண்டும்.

இதற்குமுன் வேறு சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும் என்ற தேசிய விதி ஏதுமில்லை. எனினும், பயிற்சி நிலையங்கள் சேர்க்கைக்கு முன் ஆங்கில வாசிப்பு, எழுத்து, எண்கணிதம் ஆகியவற்றில் மாணவரின் திறனை மதிப்பிடும். யு.எஸ்.ஐ. எனப்படும் தனித்துவ மாணவர் அடையாள எண் ஒவ்வொருவருக்கும் தேவை. அதை இணையவழியில் கட்டணமின்றிப் பெறலாம்.

அலகுகளின் பெயர்கள் பலவாயினும், அவை கற்பிப்பவற்றின் சாரத்தை மூன்று சொற்களில் கூறிவிடலாம்: அனுமதி, முறை, பதிவு.

முதற்பாடம்: அனுமதி

முதியோர் இல்லத்தில் ஒரு மூதாட்டி, ‘இன்று குளிக்கமாட்டேன்’ என்கிறார். வீட்டில் என்றால் மகள், ‘வாங்கோ அம்மா, ஐந்து நிமிஷந்தான்’ என்று கையைப் பிடித்து அழைத்துச் சென்றுவிடுவார். பணியாளர் அதையே செய்தால், விருப்பமின்றி ஒருவரின் உடலைத் தொட்டவராகிறார். அவரது எண்ணம் நல்லதாக இருந்தாலும், சட்டத்தின் பார்வையில் அச்செயல் தாக்குதலாகவும் கருதப்படலாம்.

அப்படியானால் விட்டுவிட்டுப் போவதா? அதுவும் கூடாது. மறுப்பின் காரணத்தைத் தேடுமாறு பயிற்சி கற்பிக்கிறது. குளியலறை குளிர்ந்திருக்கலாம். தோளில் வலி இருக்கலாம். ஆண் பணியாளரிடம் கூச்சம் இருக்கலாம். வாழ்நாள் முழுதும் மாலையில் குளித்தவராகவும் இருக்கலாம். நேரத்தை மாற்றலாம், பெண் பணியாளரை அழைக்கலாம், ஈரத்துணியால் துடைத்துவிடுவதாகக் கூறலாம். எல்லாவற்றுக்கும் மறுப்பே பதிலானால் அதை ஏற்று, பதிவு செய்து, தாதியிடம் தெரிவிக்க வேண்டும்.

2025 நவம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்த புதிய முதியோர் பராமரிப்புச் சட்டம், முதியோரின் உரிமைகளைப் பட்டியலிட்டு ஓர் உரிமை அறிக்கையை உள்ளடக்கியுள்ளது. தம் வாழ்வு பற்றித் தாமே முடிவெடுத்தல், அந்தரங்கம் மதிக்கப்படல், தாம் விரும்பும் மொழியில் தொடர்பு கொள்ளல் ஆகியன அவற்றுள் அடங்கும். மறதிநோய் வந்துவிட்டது என்பதாலேயே ஒருவர் இவ்வுரிமைகளை இழப்பதில்லை. நிதி விவகாரத்தில் முடிவெடுக்க இயலாதவரும், இன்று நீலச்சட்டையா வெள்ளைச்சட்டையா என்று முடிவு செய்யக்கூடும். பேச இயலாதவரின் முகச்சுளிப்பும், கையை இழுத்துக்கொள்வதும் விடைகளே. ‘அம்மாவைத் தினமும் குளிப்பாட்ட வேண்டும்’ என்று மகன் கேட்டுக்கொண்டாலும், அது தாயின் சம்மதம் ஆகிவிடாது.

இதனுடன் இணைந்த இன்னொரு பாடம் தமிழ் மாணவர்களுக்குச் சற்றுக் கடினமானது. முதியவருக்கு எல்லாவற்றையும் செய்து கொடுப்பதே மரியாதை என்று வளர்ந்தவர்கள் நாம். பயிற்சியோ வேறொன்றைச் சொல்கிறது. சட்டையில் மூன்று பொத்தான்களைத் தாமே பூட்டக்கூடிய முதியவருக்கு ஆறையும் பூட்டிவிட்டால், சில வாரங்களில் அந்த மூன்றையும் பூட்டும் திறன் குறையத் தொடங்கும். அவர் பூட்டி முடிக்கும்வரை காத்திருந்து, இயலாத மூன்றுக்கு மட்டும் கை கொடுப்பதே உதவி. காலைநேர அவசரத்தில் இந்தப் பொறுமையைக் காப்பது பணியின் கடினமான பகுதிகளுள் ஒன்று.

இரண்டாம் பாடம்: முறை

நல்லெண்ணம் மட்டும் போதாத இடங்கள் பல உள்ளன. அவற்றுள் நான்கு முக்கியமானவை.

நகர்த்துதல். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு ஒருவரைக் கைகளால் தூக்கி வைப்பது இருவருக்கும் ஆபத்து: அவர் விழக்கூடும், உதவியாளரின் முதுகெலும்பு பாதிக்கப்படக்கூடும். ஒருவரை எவ்வாறு நகர்த்துவது, எத்தனை பணியாளர் தேவை, தூக்குப்பொறி வேண்டுமா, அதன் தாங்குதுணி எந்த அளவு என்பன அவரது பராமரிப்புத் திட்டத்தில் எழுதப்பட்டிருக்கும். இருவர் தேவை என்று எழுதியிருக்கும்போது, ஆள் இல்லை என்பதற்காகத் தனியே முயல்வது கூடாது. மற்றவர் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

விழுங்குதல். பக்கவாதத்தாலும் மறதிநோயாலும் விழுங்கும் திறன் குன்றும். அத்தகையோருக்கான உணவும் பானமும் 0 முதல் 7 வரையிலான சர்வதேச அளவுநிலைகளால் குறிக்கப்படுகின்றன. அவுஸ்திரேலியாவில் இம்முறை 2019 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. கெட்டியாக்கிய தேநீர் அருந்த வேண்டியவருக்குச் சாதாரணத் தேநீர் கொடுத்தால் அது மூச்சுக்குழாய்க்குள் சென்று நுரையீரல் அழற்சியை உண்டாக்கலாம். உறவினர் அன்போடு கொண்டுவரும் முறுக்கும் மூச்சுத்திணறலுக்குக் காரணமாகலாம். அவர்களைக் கடிந்துகொள்ளாமல் இதை விளக்கி, தாதியிடம் கேட்டறியச் சொல்வதும் உதவியாளரின் வேலையே.

கைச்சுத்தம். ஒருவரைத் தொடுமுன்; தூய்மை பேண வேண்டிய செயல்முறைக்கு முன்; உடற்கழிவு அல்லது குருதி படக்கூடிய வேலைக்குப் பின்; அவரைத் தொட்ட பின்; அவரைச் சூழ்ந்த பொருட்களைத் தொட்ட பின் என ஐந்து தருணங்கள் வகுக்கப்பட்டுள்ளன. கையுறை அணிந்திருப்பது கைகழுவுதலுக்கு ஈடாகாது.

தோல். நீண்டநேரம் அசையாதிருப்பவரின் குதிகால், இடுப்பு, முதுகின் அடிப்பகுதி ஆகியவற்றில் அழுத்தத்தால் புண் உண்டாகும். தோல் சிவந்து, விரலால் அழுத்தியும் அச்சிவப்பு மறையாதிருப்பது அதன் முதல் அறிகுறி. கருமையான தோலில் அச்சிவப்பு கண்ணுக்குத் தெரியாமற் போகலாம். ஆகவே அவ்விடம் சூடாகவோ, இறுக்கமாகவோ, சுற்றியுள்ள தோலைவிட நிறம் வேறுபட்டோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தெற்காசிய முதியோரைப் பராமரிக்கும்போது இது குறிப்பாக நினைவில் இருக்க வேண்டியது.

மூன்றாம் பாடம்: பதிவு

ஒரு பணிமுறை முடிந்து மற்றொன்று தொடங்கும்போது பணியாளர்கள் மாறுகிறார்கள். காலையில் கண்டதை மாலையில் வருபவருக்குச் சொல்வது பராமரிப்புக் குறிப்பு.

‘இன்று நன்றாக இருந்தார்’ என்று எழுதுவதால் எவருக்கும் பயனில்லை. ‘காலை உணவில் பாதி உண்டார். இடது குதிகாலில் நிறமாற்றமும் சூடும் காணப்பட்டன. காலை 8.20க்குத் தாதியிடம் தெரிவிக்கப்பட்டது’ என்பது குறிப்பு. கண்டது, கேட்டது, செய்தது ஆகிய மூன்றை மட்டும் எழுத வேண்டும், ஊகம் எழுதலாகாது. ஒருவர் விழுந்ததைப் பார்க்காதிருந்தால் ‘விழுந்தார்’ என்று எழுதக்கூடாது. ‘கட்டிலருகே தரையில் அமர்ந்திருக்கக் காணப்பட்டார்’ என்று எழுத வேண்டும். இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். பின்னர் விசாரணை நிகழுமாயின், உண்மையை நிலைநாட்டுவதும் பணியாளரைக் காப்பதும் அதுவே.

முதியோர் இல்லங்களில் துன்புறுத்தல், புறக்கணிப்பு, காரணமறியாத மரணம் போன்ற பாரதூரமான சம்பவங்களை ஒழுங்குமுறை ஆணையத்திற்கு அறிவிக்கும் கட்டாய ஏற்பாடு 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. மிகக் கடுமையானவை 24 மணிநேரத்துள் அறிவிக்கப்பட வேண்டும். அந்த அறிவிப்பைச் செய்ய வேண்டியவர் சேவை வழங்குநர். எனினும், உதவியாளர் தாம் கண்டதை உடனே மேலாளரிடம் சொல்லாவிட்டால் அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்குவதே இல்லை. ‘நமக்கேன் வம்பு’ என்று மௌனமாக இருப்பதற்கு இத்தொழிலில் இடமில்லை.

குறிப்புகள் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன. தமிழ் மாணவர்கள் பலரைத் தயங்க வைப்பது இதுவே. தேவைப்படுவது இலக்கிய ஆங்கிலமன்று. குறுகிய, தெளிவான வாக்கியங்கள் போதும். தகுதியுடைய புலம்பெயர்ந்தோருக்குப் பெரியோர் ஆங்கிலக் கல்வித் திட்டத்தில் கட்டணமின்றிப் பயிலலாம். ‘லேர்ன் லோக்கல்’ எனப்படும் உள்ளூர்க் கல்வி நிலையங்களிலும் சான்றிதழுக்கு ஆயத்தமாக்கும் அடிப்படை வகுப்புகள் நடைபெறுகின்றன.

தமிழ் அறிந்திருப்பது பணியில் பெரும்பலம். மறதிநோய் முற்றும்போது பலர் பின்னாளில் கற்ற ஆங்கிலத்தை இழந்து தாய்மொழிக்குத் திரும்புகிறார்கள். ‘சாப்பிட்டீங்களா?’ என்னும் ஒரு கேள்வி அவரை அமைதிப்படுத்தக்கூடும். ஆனால் அறுவை சிகிச்சைக்கான சம்மதம், மருந்து மாற்றம், சட்ட ஆவணம் போன்றவற்றில் உதவியாளர் உரைபெயர்ப்பாளராகச் செயற்படலாகாது. தகுதிபெற்ற உரைபெயர்ப்பாளரை அழைக்குமாறு கேட்க வேண்டும்.

களப்பயிற்சியும் சட்டமும்

இம்மூன்று பாடங்களும் ஒன்றுசேரும் இடம் 120 மணிநேரக் களப்பயிற்சி. பொம்மையின்மேல் பழகிய கை, வலியால் துடிக்கும் மனிதரைத் தொடும்போது நடுங்கும். அருகில் ஒருவர் நின்று திருத்தும் காலத்தில் அந்த நடுக்கம் தீர வேண்டும்.

கற்கைநெறியின் கட்டாயப் பகுதியாக அமையும் களப்பயிற்சிக்கு ஊதியம் வழங்காதிருப்பது சட்டப்படி செல்லும். ஆனால் குறித்த மணிநேரங்கள் முடிந்தபின், ‘இன்னும் சில வாரம் வந்து பாருங்கள், பிறகு வேலை தருகிறோம்’ என்று ஊதியமின்றி வேலை வாங்கினால், அது களப்பயிற்சி என்ற பாதுகாப்புக்குள் அடங்காது. செய்த வேலைக்கு ஊதியம் கேட்க உரிமை எழக்கூடும். வந்த நாள், தொடங்கிய நேரம், முடிந்த நேரம் ஆகியவற்றை மாணவர் தாமே குறித்து வைப்பது நல்லது.

பயிற்சி நிலையத்தைத் தெரிவு செய்தல்

‘இரண்டு வாரத்தில் சான்றிதழ்’, ‘களப்பயிற்சி தேவையில்லை’ என்னும் விளம்பரங்கள் தமிழிலும் வலம் வருகின்றன. தேசியத் தொழிற்பயிற்சி ஒழுங்குமுறை அமைப்பான ‘அஸ்க்வா’, 2024இன் பிற்பகுதி முதல் பல தனியார் நிலையங்களின் பதிவை இரத்துச் செய்ததோடு, அவை வழங்கிய 20,000க்கும் மேற்பட்ட சான்றிதழ்களையும் செல்லாதவையாக்கியது. பராமரிப்புத்துறைச் சான்றிதழ்களும் அவற்றுள் அடங்கும். கட்டணம் செலுத்தியவர்களுட் பலர் தகுதியையும், அதை நம்பிப் பெற்ற வேலையையும் இழக்கும் நிலைக்கு ஆளாயினர்.

முன்னனுபவத்தை மதிப்பிட்டு அலகுகளை அங்கீகரிக்கும் முறை சட்டபூர்வமானதே. ஆனால் அதற்கும் ஆதாரமும் முறையான மதிப்பீடும் வேண்டும். ஆதாரமே கேட்காத நிலையத்தை நம்பலாகாது.

சேருமுன் பின்வருவனவற்றைக் கேட்டு, பதிலை எழுத்தில் பெற வேண்டும்:

1. நிலையத்தின் பெயரும் இக்கற்கைநெறியும் தேசியப் பயிற்சிப் பதிவேட்டில் இன்று நடைமுறையில் உள்ளனவா?
2. களப்பயிற்சி இடத்தை நிலையமே ஏற்பாடு செய்யுமா, மாணவர் தேட வேண்டுமா?
3. களப்பயிற்சியின்போது மதிப்பீட்டாளர் எவ்வாறு மதிப்பிடுவார்?
4. தூக்குப்பொறி, கட்டில் முதலியவற்றுடன் பயிற்சிக்கூடம் உண்டா?
5. மொத்தக் கட்டணம் எவ்வளவு? இடையில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்?
6. ஆங்கில உதவி வகுப்பு உண்டா?

செலவும் சோதனைகளும்

விக்டோரியாவில் இச்சான்றிதழ் இலவச டேஃப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. குடியுரிமை பெற்றோர், நிரந்தர வதிவிடம் பெற்றோர் ஆகியோர் தகுதி பெறலாம். புகலிடம் கோருவோர் அரசு மானியப் பயிற்சியில் சேர்வதற்கு மாநிலத்தில் தனித்திட்டம் உண்டு. ஆயினும் தம் விசாவில் கல்விக்கும் வேலைக்கும் அனுமதி உள்ளதா என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும். சர்வதேச மாணவர் இலவச டேஃப் திட்டத்தில் அடங்கார். சீருடை, காலணி, போக்குவரத்து ஆகியவற்றுக்கான செலவை எவரும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

களப்பயிற்சிக்கு முன் காவல்துறைச் சான்றிதழ் அல்லது என்.டி.ஐ.எஸ். பணியாளர் தகுதிச் சோதனை தேவைப்படும். தடுப்பூசி விவரங்களும் கேட்கப்படலாம். இவற்றைப் பெற வாரங்கள் ஆகலாம் என்பதால், சேர்ந்தவுடனே விண்ணப்பிப்பது நன்று.

பயில்வினாக்கள்

பின்வரும் சூழ்நிலைகளைக் குடும்பத்தினரோடு பேசிப் பார்க்கலாம்.

1. தூக்குப்பொறிக்கு இருவர் தேவை. உடன்பணியாளர் வர இருபது நிமிடம் ஆகும். முதியவர் அவசரமாகக் கழிவறை செல்ல வேண்டும் என்கிறார். உதவியாளர் எவரை அழைப்பார்? முதியவரிடம் என்ன சொல்வார்?
2. உடன்பணியாளர் ஒருவர் மறதிநோயுள்ள மூதாட்டியை அதட்டிக் கையைப் பிடித்து இழுக்கிறார். அவர் தமிழர், குடும்ப நண்பரும்கூட. கண்டவர் எதை எழுதுவார், எவரிடம் சொல்வார்?
3. வீட்டுப் பராமரிப்புக்குச் செல்லும் இடத்தில் முதியவர் ஐம்பது டொலரை அன்போடு நீட்டுகிறார். அதை மறுக்கும் மரியாதையான வழி எது?

மேலதிக உதவி

டேஃப் வளாகங்களிலுள்ள ‘ஸ்கில்ஸ் அண்ட் ஜொப்ஸ்’ நிலையங்களில் கற்கைநெறி, கட்டணத் தகுதி குறித்து இலவச ஆலோசனை பெறலாம். ஊதியம், ஊதியமற்ற வேலை பற்றிய வினாக்களுக்கு ‘ஃபெயார் வேர்க்’ குறைகேள் அலுவலகம்: 13 13 94. முதியோர் பராமரிப்பின் தரம் பற்றிய முறைப்பாடுகளுக்கு முதியோர் பராமரிப்புத் தர, பாதுகாப்பு ஆணையம்: 1800 951 822. தமிழில் பேச விரும்புவோர் முதலில் 131 450 என்ற எண்ணில் தேசிய மொழிபெயர்ப்பு, உரைபெயர்ப்புச் சேவையை அழைத்து, ‘தமிழ்’ என்று கூறி, தேவையான அலுவலகத்துடன் இணைக்குமாறு கேட்கலாம்.